இடதுகால் சொன்ன பொய்

கணுக்காலைப் பிடித்துவிட்டாள். பிடித்திருப்பது பெனிட்டாக்கா என்று எனக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. பதின்மூன்று வயதிலிருந்து கபடி விளையாடுகிற காலுக்குக் கணுக்காலில் கை விழுந்தால் ஒரே அர்த்தம்தான்: மாட்டிக்கொண்டாய், நடுக்கோட்டைத் தொடு, தொடாவிட்டால் அவுட். இங்கே கோடும் இல்லை ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி, அக்காவின் பிசியோதெரபி அறை, நீல மெத்தை, சுவரில் தோலுரித்த மனிதனின் தசைப் படம், ஜன்னலில் காலை ஒன்பது மணி வெயில், கீழேயிருந்து யாரோ ஒருவரின் கடைவாயைத் துளைக்கிற கொர்ர் சத்தம். இருந்தும் கால் இரண்டும் பாய், பாய் என்கின்றன. பாயாதே முப்பிடாதி, இது நார்டிக். முழங்கால் போட்டு நில், பின்னால் ஒருத்தி கணுக்கால் இரண்டையும் தரையோடு அமுக்கிக்கொள்வாள், முழங்காலிலிருந்து தலைவரை வளையாமல் அப்படியே முன்னால் சாய், சட்டென்று விழாதே, பின்தொடை தாங்குகிறவரை தாங்கி மெதுவாக இறங்கு, இனி முடியாது என்கிற இடத்தில் கையை ஊன்றிக்கொள். அவ்வளவுதான் பயிற்சி, எழுதினால் நாலு வரி. முதல் தடவை அக்கா கணுக்காலில் கை வைத்ததும் நான் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மெத்தையைத் தாண்டித் தரையை அறைந்தேன், மோவாயில் தோல் பெயர்ந்தது, அக்கா என் பாதத்தின்மேல் குப்புற விழுந்தாள். பக்கத்தில் தோள்பட்டைக்கு வைத்தியம் பார்க்கிற மாசிலாமணி அண்ணாச்சி, முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், “டாக்டரம்மா, வண்டி குடை சாஞ்சிட்டு” என்று சிரித்தார். அன்றைக்கு எனக்கும் சிரிப்புதான் வந்தது. “எறங்கு” என்கிறாள் அக்கா. அஞ்சு எண்ணிக்கொண்டே இறங்கச் சொல்வாள், எனக்கு எண்ண வராது, கபடிதான் வரும். ஒரு விநாடிக்கு மூன்று கபடி, பதினைந்து கபடி தாங்கினால் அஞ்சு விநாடி. கபடி கபடி கபடி, உதட்டுக்குள்ளேயே, கபடி கபடி. பத்தில் வலது பின்தொடை நடுங்குகிறது. பதினாலில் கையை ஊன்றிவிட்டேன்.

“ஒண்ணு. சூடேத்த மட்டுந்தான், மூணு போதும். பெறவு அளவு பாப்போம்” என்றாள். அளவு என்றதும் நாள் எண்ணத் தொடங்கிவிட்டேன். இன்றைக்குச் சனிக்கிழமை, திங்கட்கிழமை கேம்ப். கேம்ப் முடிகிற பதினாறாம் நாள் துறை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுபட்டால் அரசாங்க வேலை, எடுபடாவிட்டால் அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். இதை நான் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை, இந்த மாடிப்படியில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், எத்தனை தடவை சொன்னாலும் வயது குறையவில்லை. எங்கள் கோச் தங்கதுரை சார் தெளிவாகச் சொல்லிவிட்டார், பெனிட்டா இந்தத் தடவை மூன்று தரம் அளந்து கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் கேம்ப் பக்கம் தலைகாட்டாதே என்று. அந்தத் தாளில் ஒரு எண் இருக்கும். நல்ல கால் நூறு பலத்தோடு இழுக்கிறது என்றால் அடிபட்ட கால் தொண்ணூறாவது இழுக்க வேண்டும். தொண்ணூறு வந்தால் களம், வராவிட்டால் பெஞ்சு. என் நல்ல கால் இடது, அடிபட்டது வலது. அம்மா தினமும் திசையன்விளையிலிருந்து போன் போட்டு “காலு சரியாயிட்டாட்டி?” என்பாள், நானும் ஆயிட்டும்மா ஆயிட்டும்மா என்பேன். எந்தக் கால் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ரெண்டு காலும் சரியில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், ஒன்று கிழிந்த கால், ஒன்று பொய் சொன்ன கால்.

ரெண்டாவது இறக்கம். கபடி கபடி. அக்காவின் பிடி முன்னைவிட இறுகிப்போயிருக்கிறது, கையா குறடா என்று கேட்கலாம்போல. பக்கத்தில் அண்ணாச்சி கூரையில் மாட்டிய கப்பிக் கயிற்றை ஒரு கையால் இழுத்து மறு கையை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார், முப்பது தடவை ஏற்ற வேண்டும். ஸ்டாப்பிங் பெயர் கூப்பிடுகிற மாதிரி உரக்க எண்ணுவார், அவருடைய எண்ணும் என்னுடைய கபடியும் முட்டிக்கொண்டு நான் பாதியில் வழி தவறிவிடுவேன். “பதினெட்டு, பத்தொம்போது, இருவது, இருவத்தஞ்சு” என்கிறார். அக்கா என் கணுக்காலை விடாமலே தலையை மட்டும் திருப்பி, “அண்ணாச்சி, நடுவுல நாலு ஸ்டாப்பிங்க காணுமே” என்கிறாள். “எக்ஸ்பிரஸ் ஆக்கிட்டேன் டாக்டரம்மா.” “தோளு எக்ஸ்பிரஸ்ல போவாது. இருவத்தொண்ணுல இருந்து வாங்க.” அவர் முனகிக்கொண்டே கயிற்றை மறுபடி இழுக்கிறார், எனக்கு மூச்சு அறுந்து கையை ஊன்றினேன். எட்டுக் கபடிதான். நாலு எண்ணை விழுங்கினாலும் பிடித்துவிடுகிறவள். பார்க்காமலே காதால் பிடித்துவிடுகிறவள். பின்னே என்னை மட்டும் எப்படி விட்டாள்? என்னை அவள் நம்பினாள், அதனால்தான் விட்டாள். ஒன்பது வாரமாக இதே இடத்துக்குத்தான் வந்து முட்டுகிறேன், எந்தப் பக்கமாக யோசிக்கத் தொடங்கினாலும்.

இப்படித்தான் செய்தேன். முதல் தடவை கிழிந்தது சுரண்டை டோர்னமெண்டில், எதிர் அணி இடது மூலைக்காரி கணுக்காலைக் கவ்விவிட்டாள், நான் வலது காலை அவளிடம் கொடுத்துவிட்டுக் கோட்டுக்கு எட்டினேன், விரல் நுனி கோட்டைத் தொட்டது, பாயிண்டும் வந்தது, அதே நொடியில் பின்தொடைக்குள் டப் என்று ஒரு சத்தம், கிணற்றுக் கயிறு அறுந்த மாதிரி. ஏழு வாரம் இங்கே வந்தேன். ஏழாம் வாரம் அளவு. குப்புறப் படுத்து முழங்காலை மடக்க வேண்டும், அக்கா உள்ளங்கை அளவு மீட்டரைக் குதிகாலுக்குப் பின்னால் வைத்துப் பிடிப்பாள், நான் குதிகாலை இடுப்பைப் பார்த்து இழுக்க வேண்டும், அவள் கை அசையாமல் தடுத்து நிற்க வேண்டும், எத்தனை கிலோ என்று மீட்டர் சொல்லும். வலது கால் இருபத்தொன்று காட்டியது. அவ்வளவு உயிரைக் கொடுத்து இழுத்தும் இருபத்தொன்றுதான். அடுத்தது இடது. இடதை முழுசாக இழுத்தால் எங்கேயோ போய்விடும், வலது அதன் பக்கத்தில் நொண்டி நிற்கும், பத்து நாளில் செமிபைனல். நான் ரைடர், எதிர் அணிக் களத்துக்குள் கபடி பாடிப் போகிறவள். ரைடருக்குத் தொழிலே போக்குக் காட்டுவதுதான், தோளை இடது பக்கம் காட்டிக் காலை வலது பக்கம் நீட்டுவது, கண்ணால் ஒருத்தியைப் பார்த்துக் கையால் இன்னொருத்தியைத் தொடுவது. அதற்குத்தான் கைதட்டல், கோப்பை எல்லாம். அன்றைக்கும் அதையேதான் செய்தேன். பல்லைக் கடித்தேன், மெத்தையைப் பிறாண்டினேன், கழுத்து நரம்பு புடைக்க முனகினேன், காலில் மட்டும் முக்கால் பலம். இருபத்திரண்டு. அக்கா கணக்குப் போட்டு, “தொண்ணூத்தஞ்சு! ஏட்டி, பாஸாயிட்ட” என்று என் முதுகில் ஓங்கி அடித்தாள். அந்த அடி இன்னும் வலிக்கிறது.

அதற்கு எட்டாம் நாள் பயிற்சி ஆட்டத்தில் யாரும் என்னைத் தொடவே இல்லை. பாடிக்கொண்டு போனேன், திரும்பினேன், அவ்வளவுதான், அதே டப், அதே இடம், இந்தத் தடவை பாயிண்டும் இல்லை. மண்ணில் முகம் புதைய விழுந்து கிடந்தேன். அப்போதெல்லாம் ஆட்டத்துக்கு வந்து ஓரமாக நிற்கிற அக்கா ஐஸ் பையோடு ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னாலேயே தங்கதுரை சார். இருபது பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நீ குடுத்த தாள நம்பித்தான எறக்குனேன்? தொண்ணூத்தஞ்சுன்னு எழுதிருக்க! ஒனக்கு அளக்கத் தெரியுமா தெரியாதா?” என்று கத்தினார். அக்கா ஐஸைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், “என் அளவுதான் தப்பாயிருக்கும் சார்” என்றாள். எனக்குக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. வாய் நிறைய மண், அதனால்தான் பேசவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மண்ணைத் துப்பிவிட்டேன், ஆட்டோவில் ஏறினேன், அவள் மடியில் காலை நீட்டிக்கொண்டு இந்த மாடிவரை வந்தேன், வழியெல்லாம் பேசவில்லை. அதற்குப் பிறகு கிளப்பிலிருந்து வேறு யாரையும் இவளிடம் அனுப்புவதில்லை. நான் மட்டும் வருகிறேன், பழகிய கை என்று சொல்லிக்கொண்டு. நீ நல்ல பொம்பளைதானா முப்பிடாதி என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டால் கண்ணாடியும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

மூன்றாவது இறக்கம். மெதுவாக, மெதுவாக. இந்த ஒன்பது வாரமும் மெதுவாகத்தான் போனது. நேராக நடக்கவே ஒரு வாரம். பிறகு மல்லாக்கப் படுத்துக் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, டைல்ஸ் தரையில் ஈரத்துணியைக் குதிகாலுக்கு அடியில் போட்டுச் சறுக்குவது, பின்பக்கமாக நடப்பது, பாதி வேகத்தில் ஓடுவது, முக்கால் வேகம். ஒவ்வொரு தடவையும் காது மட்டும் பின்தொடையிலேயே இருக்கும், டப் வருகிறதா, டப் வருகிறதா என்று. படியில் இறங்கும்போது, குளியலறையில் வழுக்கும்போது, தும்மும்போது. தும்மலுக்குப் பயந்த ரைடர் உலகத்திலேயே நான் ஒருத்திதான். அக்காவும் மாறிவிட்டாள். முன்பெல்லாம் ஒரு தடவை அளப்பாள், இப்போது எதையும் மூன்று தடவை. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள், இப்போது எப்போது பார்த்தாலும் கையில் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து, அதை அமுக்கி விட்டு அமுக்கி விட்டு நோட்டில் எழுதுவாள், போன் பேசுவாள், ஜன்னல் பக்கம் நிற்பாள். புதுப் பழக்கம்போல என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்தாவது கபடியில் கையை ஊன்றினேன், வலி இல்லை, நடுக்கம் மட்டும்தான். “நல்லாருக்குட்டி” என்றாள் அக்கா, கணுக்காலை விட்டாள், பந்தை எடுத்துக்கொண்டாள்.

குப்புறப் படுத்திருக்கிறேன். ரெக்சின் மணம், யூகலிப்டஸ் தைலம், கன்னத்துக்கு அடியில் ஒட்டுகிற வேர்வை. முதலில் வலது. குதிகாலுக்குப் பின்னால் மீட்டர் சில்லென்று வந்து உட்கார்ந்தது. “இழு. இழு இழு இழு. விடு.” மூன்று தடவை. இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு. டப் இல்லை. சத்தமே இல்லை. இருபத்தஞ்சு, போன தடவையைவிட நாலு கூட, கண்ணில் நீர் வந்துவிட்டது, மெத்தையில் துடைத்துக்கொண்டேன். அடுத்து இடது. இங்கேதான் மூளை குறுக்குவழியில் ஓடுகிறது. இருபத்தஞ்சுக்கு இருபத்தேழு என்றால் தொண்ணூற்றி இரண்டோ மூன்றோ வரும், இருபத்தேழில் நிறுத்தினால் போதும். நிறுத்த எனக்குத் தெரியும், போன தடவையே இருபத்திரண்டில் கச்சிதமாக நிறுத்தியவள். வலதுதான் உண்மையிலேயே தேறிவிட்டதே, இப்போது ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன, திங்கட்கிழமை கேம்ப், வயது, வேலை, அம்மா. பிறகு எட்டாம் நாள். எட்டாம் நாள் மண். என் அளவுதான் தப்பாயிருக்கும் சார். இல்லை, இந்தத் தடவை ஒன்றும் ஆகாது. போன தடவையும் இதையேதான் சொன்னாய். அக்கா இடது குதிகாலில் மீட்டரை வைத்தாள். அவள் விரல்கள் நடுங்குகின்றன. என் காலுக்கல்ல, அவள் விரலுக்கு நடுக்கம், மீட்டரின் விளிம்பு தோலில் டிக் டிக்கென்று படுகிறது. இவள் எதற்கு நடுங்குகிறாள்? பரீட்சை எனக்குத்தானே? “இழு” என்றாள். நான் முனகவில்லை, பல்லைக் கடிக்கவில்லை, முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. இழுத்தேன். இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தேன்.

இருபத்தொன்பது. ரெண்டாவது இருபத்தொன்பது. மூன்றாவது இருபத்தொன்பதரை. அக்கா மேசைக்குப் போனாள், பழைய நோட்டைப் புரட்டினாள், திரும்பி வந்தாள், மீட்டரை அணைத்துப் போட்டாள், தன் முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். “போன தடவ இந்தக் காலு இருவத்திரண்டுட்டி” என்றாள், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை. “நார்டிக்ல கூடும். கூடும்தான். அடி படாத காலு ஒம்பது வாரத்துல ஏழு கிலோ கூடுமா?” நான் மெத்தையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கீழே பல் துளைக்கிற சத்தம் நின்றுவிட்டது. அண்ணாச்சியும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பிறகு அக்கா சொன்னாள், ரொம்பச் சாதாரணமாக, ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிற மாதிரி. “அப்போ சந்தேகமே இல்ல. என் கைதான். அன்னைக்கி நீ இழுத்த இழுப்ப என் கை தாங்கல, பின்னால போயிருக்கு, மீட்டரு கம்மியாக் காட்டிருக்கு. சாரு சொன்னது சரிதான்.” அடக் கடவுளே. நான் வாயே திறக்க வேண்டாம். கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சும்மா எழுந்து போய்விடலாம், கை தாங்கவில்லை, மீட்டர் தப்பு, முடிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். அவள் பந்தை எடுத்து அமுக்க ஆரம்பித்திருந்தாள். அந்தப் பந்து. வலது கை. என் குதிகாலைத் தடுத்து நின்ற அதே கை. ஒன்பது வாரமாக நான் காலுக்கு என்ன செய்தேனோ அதையேதான் இவள் கைக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். காலையில் இருபது, மதியம் இருபது, போன் பேசும்போது, ஜன்னலில் நிற்கும்போது. அடிபடாத கைக்கு வைத்தியம்.

“அக்கா, ஒங்க கைக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். “நான் இழுக்கல. அன்னைக்கி எடது கால நான் முழுசா இழுக்கவே இல்ல. மொகத்த மட்டும் காட்டுனேன். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும்னு. நீங்க அளந்தது சரிதான். நான் குடுத்ததுதான் பொய்.” இனி இவள் என்னைத் துரத்திவிடுவாள், துரத்தட்டும். தாளைக் கிழித்துப் போடுவாள், போடட்டும். ஆச்சரியமாக இருந்தது, பயம் எங்கே போயிற்று என்று தேடினேன், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அக்கா என்னையே பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், விரித்து, மூடி, விரித்து. “நெசமாவா?” என்றாள். “நெசமா.” “எங்கம்ம மேல சத்தியமாச் சொல்லு.” “ஒங்கம்ம மேல நான் எதுக்குக்கா சத்தியம் பண்ணணும், எங்கம்ம மேல பண்ணுதேன்.” அவ்வளவுதான், அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையானது, அழுகையிலேயே என் தொடையில் ஓங்கி ஒரு அடி விட்டாள், இடது தொடையில்தான், அப்போதும் கால் பார்த்துத்தான் அடித்தாள். “கோட்டிக்காரி! ஒம்பது வாரம்ட்டி! ஒம்பது வாரமா ஒரு ஆளத் தொட்டு வைத்தியம் பாக்க எனக்குக் கை வெறைக்கி. இந்தக் கையால அளந்துதான ஒரு பிள்ளைக்குக் காலு போச்சுன்னு. வேற வேலைக்குப் போயிரலாமான்னு எங்க வீட்டுல பேசிட்டு இருக்கோம், தெரியுமா ஒனக்கு?” தெரியாது. எனக்கு அது தெரியவே தெரியாது. “சவத்து மூதி” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நல்லா இருப்பியா நீ?” அவள் அதைச் சொன்ன விதத்தில் நான் நல்லா இருப்பேன் என்று தோன்றிவிட்டது. அப்புறம் அந்த மஞ்சள் பந்தைத் தூக்கி அண்ணாச்சியின் மடியில் போட்டாள். “அண்ணாச்சி, இத நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு வேண்டாம்.” அண்ணாச்சி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எத்தன தடவ டாக்டரம்மா?” என்றார் கலவரமாக.

இருபத்தஞ்சுக்கு இருபத்தொன்பது. எண்பத்தாறு. அக்கா கணக்குப் போட்டுக் காட்டினாள், எண்பத்தாறு தொண்ணூறு ஆகவில்லை, நானும் அதைத் தொண்ணூறாக்கச் சொல்லவில்லை. “பத்து நாளு. பத்து நாளு கழிச்சி மறுபடி அளப்போம். கேம்புக்குப் போ, ஓடு, பயிற்சி செய்யி, ஆனா பாடிப் போவாத. பதினாறாம் நாளுக்கு முன்னால தொண்ணூறு வந்துரும்னுதான் தோணுது. வரலன்னா வரலதான், என்ன செய்ய.” சரி என்றேன். வரலாம், வராமல் போகலாம், முன்பாக இருந்தால் இந்த ரெண்டுக்கும் நடுவில் நான் செத்துப் பிழைத்திருப்பேன். “சார்ட்ட நான் பேசுதேன்” என்று அக்கா போனை எடுத்தாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். நின்றுகொண்டே சொன்னேன், எண்பத்தாறு என்று சொன்னேன், பழைய தொண்ணூற்றைந்து யாருடைய பொய் என்று சொன்னேன், அன்றைக்கு மண்ணில் கிடந்தபோது எனக்குக் காது கேட்டது என்பதையும் சொன்னேன். “நீ திங்கக்கெழம வா. ஒனக்கு இருக்கு” என்றார். வரச் சொல்லிவிட்டார், திட்டத்தான், ஆனால் வரச் சொல்லிவிட்டார். பிறகு, “போனப் பெனிட்டாட்ட குடு.” கொடுத்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு “பரவால்ல சார்” என்றாள், கொஞ்சம் கழித்து “அய்யோ, பரவால்ல சார்” என்றாள், அதற்கும் கழித்து “நாளைக்கி எத்தன பிள்ளேள அனுப்புதீங்க?” என்றாள். பந்து இல்லாத வலது கை ஜன்னல் கம்பியில் சும்மா கிடந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது, ஒரு வேளை சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிற அளவுக்கு லேசாகிவிட்டது. காலையில் ஒரு இட்லிகூட இறங்கியிருக்கவில்லை.

“என்னட்டி நிக்க? பேசி முடிச்சா வேலை முடிஞ்சிட்டா? இன்னும் அஞ்சு எறக்கம் இருக்கு” என்றாள். மறுபடி முழங்கால் போட்டேன். அவள் பின்னால் வந்து உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்தாள், அந்தக் கை, ஒன்பது வாரம் பந்து அமுக்கிய கை, அம்மாடி என்ன பிடி. இப்போது நடுக்கம் இல்லை. கால் வழக்கம்போல முதலில் துள்ளப் பார்த்தது, பிறகு என்னவோ யோசித்த மாதிரி நின்றுவிட்டது. “பயமா இருக்கா?” என்றாள். எப்போதும் கேட்பாள், பத்துக்கு எத்தனை என்று. எப்போதும் பூஜ்யம் என்பேன். “ரெண்டு” என்றேன். “ரெண்டுன்னா பரவால்ல. எறங்கு.” சாய்ந்தேன். கபடி கபடி கபடி. ஜன்னல் மேலே போனது, சுவரில் தோலுரித்த மனிதனின் முழங்கால் வந்தது, பாதம் வந்தது. பத்து. வலது நடுங்குகிறது, நடுங்கட்டும், இடதும் கூடவே நடுங்குகிறது. பதினாலு. பதினைந்து. மெத்தையின் நீல நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. பதினெட்டு என்கிறது என் உதடு, “இருவது” என்கிறார் அண்ணாச்சி யாருடைய எண்ணிக்கையையோ. என்னைப் பிடித்த கை எத்தனையோ இருந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் விடு விடு என்று உதறிவிட்டுத்தான் கோட்டுக்கு ஓடியிருக்கிறேன். விட்டுவிடாதே அக்கா, இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. நெஞ்சு மெத்தையைத் தொட்டபோது என் கைகள் ரெண்டும் பக்கத்தில் சும்மா இருந்தன, ஊன்றவே இல்லை.